பாகப்பிரிவினையும் வகுபடும் எண்களும்

மரணித்தவர் விட்டுச்சென்ற சொத்தைப் பங்கிடுகையில் எண் தவறினால் உரிமையும் தவறிவிடும். விதவையின் பங்கோ அநாதையின் பங்கோ குறைந்துவிட்டால், அது பிறர் பொருளை உண்டதாகவே முடியும். ஆகவேதான் மார்க்கச் சட்ட அறிஞர்கள் இல்முல் ஃபராயிளைக் கணிதத்தோடு பிணைத்தே கற்பித்தனர். கி.பி. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மீ தமது அல்ஜீப்ரா நூலின் பிற்பகுதியை வஸிய்யத், வாரிசுரிமைக் கணக்குகளுக்கே ஒதுக்கினார். ஓர் எண் மற்றோர் எண்ணால் மீதியின்றி வகுபடுமா என்பதே அக்கணக்குகளில் அடிக்கடி எழும் கேள்வியாகும்.

திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம் (4:11, 12, 176) வகுத்துள்ள பங்குகள் 1/2, 1/4, 1/8, 2/3, 1/3, 1/6 என ஆறாகும். இவற்றிலிருந்து பிறக்கும் மூல எண்கள் 2, 3, 4, 6, 8, 12, 24 என ஏழு. இவ்வேழும் 2, 3 ஆகிய இரண்டின் பெருக்கத்தால் மட்டுமே ஆனவை. ஆதலால் இவற்றைச் சோதிக்கச் சில விதிகளே போதும்.

ஒன்றாம் இட இலக்கம் இரட்டையாயின் எண் 2ஆல் வகுபடும். இறுதி இரண்டு இலக்கங்களாலான எண் 4ஆல் வகுபடின் முழு எண்ணும் 4ஆல் வகுபடும். இறுதி மூன்று இலக்கங்களாலான எண் 8ஆல் வகுபடின் முழு எண்ணும் 8ஆல் வகுபடும். 100 என்பது 4ஆலும், 1000 என்பது 8ஆலும் மீதியின்றி வகுபடுவதால், மேலிடங்களை நோக்கத் தேவையில்லை. 3ஆல் வகுபடுமா என அறிய இலக்கங்களைக் கூட்டிப் பார்க்க வேண்டும். 10, 100, 1000 முதலியவற்றை 3ஆல் வகுத்தால் எப்போதும் 1 மீதியாவதே இதன் காரணம்.

ஒருவர் மனைவியையும் மூன்று ஆண்மக்களையும் மட்டும் விட்டு மரணிக்கிறார் எனக் கொள்வோம். மூல எண் 8. மனைவிக்கு 1 பங்கு. எஞ்சிய 7 பங்குகள் மக்களுக்கு. 7ஐ மூவருக்குச் சமமாகப் பிரிக்க இயலாது. 7க்கும் 3க்கும் 1ஐத் தவிரப் பொது வகுத்தி இல்லை, இந்நிலையே தபாயுன். எனவே 8ஐ 3ஆல் பெருக்கி 24 ஆக்குகிறோம். மனைவிக்கு 3, மக்கள் ஒவ்வொருவருக்கும் 7. இவ்வாறு சீராக்குவதே தஸ்ஹீஹ். பெற்றோரும் பத்துப் பெண்மக்களும் வாரிசுகளாயின் மூல எண் 6. பெண்மக்களுக்கு 4 பங்குகள். 4க்கும் 10க்கும் 2 பொது வகுத்தி, இது தவாஃபுக். ஆகவே 6ஐ 10ஆல் பெருக்க வேண்டியதில்லை. 5ஆல் பெருக்கினாலே போதும்.

முதற்கணக்கில் அடக்கச் செலவு, கடன், வஸிய்யத் போக எஞ்சியது ரூ. 5,47,320 எனில் அது 24ஆல் வகுபடுமா? இலக்கங்களின் கூட்டுத்தொகை 21. எனவே 3ஆல் வகுபடும். இறுதி மூன்று இலக்கங்கள் 320. எனவே 8ஆலும் வகுபடும். ஆக 24ஆலும் வகுபடும். ஒரு பங்கு ரூ. 22,805. மனைவிக்கு ரூ. 68,415, மக்கள் ஒவ்வொருவருக்கும் ரூ. 1,59,635.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். 4 × 6 = 24 ஆதலால் 4, 6 ஆகிய விதிகளைக் கொண்டு சோதித்தாலும் போதுமே என எண்ணலாகாது. 5,47,308 இவ்விரண்டாலும் வகுபடும். ஆயினும் 24ஆல் வகுத்தால் 12 மீதியாகும். 4, 6 இரண்டும் தவாஃபுக் உடையவை; 3, 8 தபாயுன் உடையவை. தபாயுன் உடைய இரு எண்களால் தனித்தனியே வகுபடும் எண்தான் அவற்றின் பெருக்கத்தாலும் உறுதியாக வகுபடும். ஸிராஜிய்யாவை ஓதும் மாணவர் எண்களிடையிலான இவ்வுறவுகளை மனனம் செய்வதோடு நில்லாமல், இக்காரணத்தையும் விளங்கிக்கொள்ள வேண்டும்.

மீதி உண்டா இல்லையா என்பதையே விதி நமக்கு அறிவிக்கிறது. மீதி இருப்பின் அதுவும் வாரிசுகளின் உடைமையே. பைசாவிலும் முடியாத சிறு தொகையாயினும், பங்கிடுபவர் அதைத் தாமாக ஒருவர் கணக்கில் சேர்க்காது, சிறார் பங்கு குறையாதவாறு அனைவருக்கும் அறிவித்தே தீர்க்க வேண்டும்.