பேச வந்தபோது பக்கத்தில் யார்?

பாதிரியார்களின் பாலியல் அத்துமீறலுக்கு ஆளானவர்கள் பல ஆண்டுகள் கழித்தே வாய் திறக்கிறார்கள். அப்போது அவர்களுக்குத் துணை நிற்பது பெரும்பாலும் திருச்சபை அல்ல, வெளியாட்கள்.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டிய சிற்றூர் கிரீன்புஷ். 2004ல் அங்குள்ள கத்தோலிக்கத் தேவாலயத்துக்குப் பணியாற்றப் போனார் ஊட்டி மறைமாவட்டத்தைச் சேர்ந்த பாதிரியார் ஜோசப் பழனிவேல் ஜெயபால். அடுத்த ஆண்டே ஊர் திரும்பினார். பதின்பருவப் பெண்கள் இருவரிடம் அவர் பாலியல் ரீதியாக அத்துமீறினார் என்று அங்கு வழக்குப் பதிவானது.

2010ல் இந்த விவகாரம் உலகப் பத்திரிகைகளில் அடிபட்டபோது ஜெயபால் ஊட்டி ஆயரின் அலுவலகத்தில் இருந்தார். மறைமாவட்டப் பள்ளிகளின் ஆசிரியர் நியமன வேலைகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். 2012ல் தமிழகத்தில் கைதாகி, பின்னர் அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டார். 2015ல் ஒரு பெண் தொடர்பான குற்றத்தை ஒப்புக்கொண்டார். இன்னொருவர் தொடர்பான குற்றச்சாட்டு அந்த உடன்பாட்டின்படி கைவிடப்பட்டது. தண்டனை ஓராண்டும் ஒரு நாளும். ஏற்கெனவே சிறையில் இருந்த காலம் கழிக்கப்பட்டு இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். 2016 தொடக்கத்தில் ஊட்டி ஆயர் அமல்ராஜ், வாடிகனைக் கலந்தாலோசித்த பிறகு, அவர் மீதான இடைநீக்கத்தை விலக்கிக்கொண்டார்.

பாதிரியாருக்கு மறைமாவட்டம் இருந்தது. அந்தப் பெண்களுக்கு? அவர்களில் ஒருவர் தொடுத்த வழக்கில் 2011ல் அமெரிக்க மறைமாவட்டம் ஏழரை லட்சம் டாலர் தர உடன்பட்டது. இடைநீக்கம் விலக்கப்பட்டதும் அவர் ஊட்டி மறைமாவட்டத்தின் மீதே வழக்குத் தொடர்ந்தார். அவருக்குத் துணையாக நின்றது ஸ்நாப் என்ற அமைப்பு. சிறு வயதில் ஒரு பாதிரியாரால் பாதிக்கப்பட்ட பார்பரா பிளெய்ன், 1980களின் இறுதியில் சிகாகோவில் தொடங்கியது அது. பாதிக்கப்பட்டவர்கள் ஒன்றுகூடி, ஒருவர் பேச மற்றவர்கள் கேட்பதுதான் அதன் ஆரம்பகால வேலை. பிறகே பத்திரிகையாளர் கூட்டம், போராட்டம் எல்லாம்.

நம் ஊரில் அப்படி ஓர் அமைப்பு வேரூன்றவில்லை. காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். பங்குச்சாமியார் என்பவர் ஞாயிறு பூசை வைப்பவர் மட்டுமல்ல. ஞானஸ்நானச் சான்றிதழ், கல்யாணத்துக்கு ஓலை வாசிப்பது, பள்ளியில் இடம், வேலைக்குச் சிபாரிசு, கடைசியில் கல்லறையில் ஆறடி மண் – எல்லாம் அவர் கையில். அவரைப் பற்றி வாய் திறப்பது ஊரையே பகைத்துக்கொள்வதற்குச் சமம். சுயாதீன சபைகளில் நிலைமை இன்னும் மோசம். அங்கே பாஸ்டரைப் பற்றிப் புகார் சொல்ல, அவருக்கு மேலே ஆயர்கூட இருப்பதில்லை.

குழந்தையாக இருந்தபோது பாதிக்கப்பட்டவர்களை நோக்கி வரும் கேள்வி: "ஏன் அப்போதே சொல்லவில்லை?" வயது வந்த பிறகு பாதிக்கப்பட்டவர்களுக்குக் கூடுதலாக இன்னொன்று: "சம்மதம் இல்லாமலா?" கன்னியாஸ்திரீ என்றால் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. கீழ்ப்படிதலை வார்த்தைப்பாடாகக் கொடுத்தவர் அவர். வறுமையும் ஒரு வார்த்தைப்பாடு என்பதால் கையில் தனிக் காசு கிடையாது. தங்கும் அறை, சாப்பாடு, வெளியே போக அனுமதி எல்லாம் தலைமைச் சகோதரி தந்தால் உண்டு.

கேரளத்தில் நடந்தது இதற்கு உதாரணம். ஜலந்தர் ஆயராக இருந்த பிராங்கோ முலக்கல் தன்னைப் பலமுறை பலாத்காரம் செய்தார் என்று 2018 ஜூனில் ஒரு கன்னியாஸ்திரீ கோட்டயம் மாவட்டத்தின் குறவிலங்காடு போலீசில் புகார் கொடுத்தார். கைது நடக்காததால் செப்டம்பரில் அவருடைய சக கன்னியாஸ்திரீகள் ஐந்து பேர் கொச்சியில் உயர் நீதிமன்றம் அருகே தர்ணாவில் உட்கார்ந்தார்கள். புகார் கொடுத்தவரின் புகைப்படத்தையே வெளியிட்டது அவருடைய சொந்தச் சபை. அதற்காகத் தனி வழக்கும் பதிவானது. ஆயர் அந்த மாதமே கைதானார். தர்ணா செய்தவர்களுக்கு 2019 ஜனவரியில் இடமாற்ற உத்தரவுகள் வந்தன.

2022 ஜனவரி 14 அன்று கோட்டயம் நீதிமன்றம் முலக்கலை விடுவித்தது. குற்றச்சாட்டுகளை அவர் தொடக்கம் முதலே மறுத்துவந்தார். புகார்தாரரின் வாக்குமூலங்கள் முன்னுக்குப் பின் முரணாக இருப்பதாக நீதிபதி கருதினார். தீர்ப்பை எதிர்த்து கன்னியாஸ்திரீயும் கேரள அரசும் உயர் நீதிமன்றம் போனார்கள். 2023 ஜூனில் முலக்கலின் ராஜினாமாவைப் போப் ஏற்றுக்கொண்டார்.

தீர்ப்பு வந்த நாட்களில் வேறொன்றும் நடந்தது. முன்பின் அறியாத பெண்கள் அந்தக் கன்னியாஸ்திரீக்குக் கைப்படக் கடிதம் எழுதினார்கள். சினிமா நட்சத்திரங்களும் எழுதினார்கள். வழக்கின் முடிவை அந்தக் கடிதங்கள் மாற்றப்போவதில்லை. ஆனால் வழக்கு தோற்றாலும் ஆள் தனித்துவிடப்படக் கூடாது என்பதை அவை உணர்ந்திருந்தன. துணை நிற்பது என்பதன் அர்த்தமே அதுதான்.

சட்டம் ஓரளவு கைகொடுக்கிறது. மூன்றாண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்கு நம் நாட்டில் காலவரம்பு கிடையாது. எனவே பலாத்காரம் எத்தனை ஆண்டுகள் கழிந்தாலும் புகாருக்கு உரியதே. போக்சோ சட்டத்தின் கீழ், பாதிக்கப்பட்டவர் வளர்ந்த பிறகும் எந்த வயதிலும் புகார் தரலாம் என்று மத்திய அரசு 2018ல் தெளிவுபடுத்தியது. ஆனால் அந்தச் சட்டம் 2012 நவம்பருக்குப் பிந்தைய குற்றங்களுக்கே பொருந்தும். அதற்கு முந்தையவற்றுக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டம்தான். பாலியல் வழக்குகளில் தாமதமாகப் புகார் கொடுத்தார் என்பதற்காக மட்டுமே ஒரு பெண்ணை நம்ப மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1996லேயே சொல்லிவிட்டது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். சித்தூரானாலும் சேலமானாலும், வருமானம் எவ்வளவு என்று பாராமல் பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு. சட்டப் பணிகள் ஆணையத்தின் தொலைபேசி எண் 15100. பெண்கள் உதவிக்கு 181. மனநல ஆலோசனைக்கு 14416.

திருச்சபையிடமும் விதிகளுக்குப் பஞ்சமில்லை. பணியிடத்துப் பாலியல் தொல்லை பற்றி இந்திய ஆயர் பேரவை 2017ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. கன்னியாஸ்திரீகளிடம் பாதிரியார்களும் சில ஆயர்களும் அத்துமீறியிருக்கிறார்கள் என்று போப் பிரான்சிஸ் 2019 பிப்ரவரியில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அந்த ஆண்டு மே மாதம் அவர் பிறப்பித்த ஆணை, புகார் சொல்பவருக்குக் காதுகொடுக்கவும், மருத்துவ, மனநல உதவி தரவும் திருச்சபைக்குக் கட்டளையிடுகிறது. புகார் சொன்னதற்காகப் பழிவாங்கக் கூடாது என்றும் சொல்கிறது. 2021ல் திருத்தப்பட்ட திருச்சபைச் சட்டம், அதிகாரத்தைப் பயன்படுத்திப் பாலுறவுக்குக் கட்டாயப்படுத்துவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. வயது வந்தவர் என்பது இனி தப்பிக்கும் வழியல்ல.

விதிகள் ரோமிலிருந்து வந்துவிட்டன. பங்குக்கு வந்து சேர்ந்தனவா என்பதை அறிய எளிய சோதனை இருக்கிறது. புகார் சொல்லும் கன்னியாஸ்திரீக்கு அன்றிரவு தங்க மடத்துக்கு வெளியே ஓர் அறை கிடைக்குமா? ஆயருக்குக் கட்டுப்படாத வக்கீலுக்கும் மனநல மருத்துவருக்கும் மறைமாவட்டம் பணம் கட்டுமா? விசாரிப்பவர்களில் பாதிரியார் அல்லாதவர் இருப்பாரா? அடுத்த ஞாயிறு அந்தக் குடும்பம் கோயிலுக்குப் போனால் பக்கத்து பெஞ்சில் யாராவது உட்காருவார்களா?

முதல் மூன்றும் ஆயர்களின் பொறுப்பு. நான்காவதற்கு யாருடைய ஆணையும் தேவையில்லை.