ஆற்று மணலிற் கிடைத்த அரசன் பெயர்

பொன்னின் அடர்த்தி 19.3, மணலின் பெரும்பகுதியான படிகக்கல்லுக்கோ 2.65. தட்டிலிட்டு நீரில் அலசினால் மணல் வழிந்தோட, கனமானவை அடியில் தங்கும். கரூரில் அமராவதி ஆற்று மணலை அரித்தோர் நாடியது பொன்துகளையே. ஆயினும் பழங்காசுகளும் அகப்பட்டன. ‘மாக்கோதை’ என்று தமிழி எழுத்திற் பொறித்த சேரர் வெள்ளிக்காசு கரூரிற் கிடைத்ததே. உரோமானியக் காசைப் போல் அதில் அரசன் முகமும் உண்டு. தட்டான் உலையில் விழுந்திருப்பின் அப்பெயருக்குக் காசுச் சான்று இராது.

1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு (அக்காலத்து மதிப்பீடு!) மேற்படின் கண்டெடுத்தவர் ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவித்தல் வேண்டும். உலோகங்காட்டும் கருவியுடன் திரியும் பொழுதுபோக்காளருக்கும் இது பொருந்தும்.

மாணவர் காசு கொணர்ந்தால் புளியிட்டுத் துலக்க விடலாகாது, எழுத்து அழியும். கிடைத்த இடத்தை அன்றே குறித்துக்கொள்க.