நியூயார்க்கில் ஏழைப் பிள்ளையின் ஃபீஸ் எவ்வளவு?

அமெரிக்காவில் படிப்பு என்றதும் நம் வீடுகளில் கடன் பேச்சு தொடங்கிவிடும். நாற்பது லட்சமா, ஐம்பது லட்சமா, வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கலாமா என்று போகும். அது இங்கிருந்து போகிறவர்கள் கொடுக்கும் விலை. அந்த ஊரில் டாக்ஸி ஓட்டுகிறவர், ஓட்டல் சமையலறையில் நிற்கிறவர் வீட்டுப் பிள்ளைகள் கொடுக்கும் விலை வேறு. அதைத் தெரிந்துகொள்ள ஹார்வர்டு பக்கம் போய்ப் பயனில்லை. நியூயார்க் மாநகரப் பல்கலைக்கழகத்தைப் பார்க்க வேண்டும். ‘கியூனி’ என்பது அங்கே அதன் செல்லப் பெயர். 25 கல்லூரிகள், இரண்டு லட்சத்துக்கும் மேல் மாணவர்கள். பெரும்பாலோருக்கு விடுதி கிடையாது. வீட்டிலிருந்து சப்வே ரயில் பிடித்து வகுப்புக்கு வந்து, அப்படியே வேலைக்கும் ஓடுகிறவர்கள் ஏராளம்.

இதன் மூத்த கல்லூரி 1847-ல் ‘ஃப்ரீ அகாடமி’ என்ற பெயரில் தொடங்கியது. இன்றைக்கு அது சிட்டி காலேஜ். அன்றைக்குப் பேருக்கேற்ப ஃபீஸ் கிடையாது. போலியோ தடுப்பூசி கண்ட ஜோனாஸ் சால்க் அங்கே படித்தவர்தான். ஹங்கேரியிலிருந்து அகதியாக வந்து பின்னாளில் இன்டெல் நிறுவனத்தை நடத்திய ஆண்டி குரோவும் அங்கேதான் படித்தார். 1969-ல் கறுப்பின, புவேர்ட்டோ ரிக்கோ மாணவர்கள் அந்த வளாகத்தை முற்றுகையிட்டுப் போராடினார்கள். பள்ளிப் படிப்பை முடித்த நகரத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் இடம் என்று 1970-ல் கதவு திறந்தது. 1975-ல் நகர நிர்வாகம் திவாலாகும் நிலைக்குப் போனது. 1976-ல் ஃபீஸ் வந்துவிட்டது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் நிறைந்திருந்தவரை ஓசி, மற்றவர்கள் உள்ளே வந்த ஆறே வருடத்தில் பில்லா என்று கேட்டவர்கள் உண்டு. கஜானா காலியானது நிஜம். ஆனாலும் அந்தக் கேள்வியைச் சும்மா தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

இப்போது நான்காண்டுக் கல்லூரியில் நியூயார்க் மாநிலத்துப் பிள்ளைக்கு ஆண்டுக் கட்டணம் 6,930 டாலர், ஏறக்குறைய 6 லட்சம் ரூபாய். வெளியிலிருந்து வருபவருக்கு ஒரு கிரெடிட்டுக்கு, அதாவது ஒரு பாட அலகுக்கு, 620 டாலர். ஆண்டுக்கு 30 கிரெடிட் என்றால் 18,600. உள்ளூர் ஏழை வீட்டுப் பிள்ளை இந்த 6,930-ஐயும் பெரும்பாலும் கையிலிருந்து கட்டுவதில்லை. ‘ஃபாஃப்சா’ என்ற படிவத்தில் பெற்றோரின் வருமானக் கணக்கைக் காட்டினால், மத்திய அரசின் பெல் கிராண்ட் கிடைக்கும். அண்மை ஆண்டுகளில் அதன் உச்சவரம்பு 7,395 டாலர். திருப்பித் தர வேண்டாத பணம். மாநில அரசின் ‘டேப்’ உதவியும் சேர்ந்தால் ஃபீஸ் போக மிச்சம் மாணவர் கைக்கே வரும். வாடகை, புத்தகம், சாப்பாடு எல்லாம் அதில்தான். நியூயார்க் வாடகைக்கு அது எந்த மூலைக்கு என்று கேட்காதீர்கள்.

2017-ல் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ ‘எக்ஸெல்சியர்’ என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். ஆண்டு வருமானம் 1,25,000 டாலர் வரை உள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அரசுக் கல்லூரியில் ஃபீஸ் இல்லை என்று பெரிய அறிவிப்பு. விதிமுறையைப் படித்தால்தான் விஷயம் புரியும். மற்ற உதவிகள் போக பாக்கி நிற்கும் ஃபீஸை மட்டுமே அது அடைக்கும். பெல்லும் டேப்பும் வாங்கும் பரம ஏழைக்குப் பாக்கியே இராது என்பதால் அவருக்கு இதில் சல்லிக்காசு இல்லை. ஆண்டுக்கு 30 கிரெடிட் முடித்தாக வேண்டும். கடையில் ஷிஃப்ட் மாறியதால் ஒரு பாடத்தைக் கைவிட்டால் உதவி போய்விடலாம். பட்டம் வாங்கிய பிறகு, உதவி பெற்ற அத்தனை ஆண்டுகள் நியூயார்க்கிலேயே இருக்க வேண்டும்; இல்லையென்றால் அந்த உதவி கடனாகிவிடும். நடுத்தர வர்க்கத்துக்குச் செய்ததை ஏழைக்குச் செய்ததாக மேடையில் பேசுவது எல்லா ஊர் அரசியலுக்கும் பொது.

என் கணக்கில், இதைவிடப் பெரிய சாதனை சத்தமில்லாமல் 2007-ல் கியூனி தொடங்கிய ‘ஏசாப்’ திட்டம். ஈராண்டுக் கல்லூரிகளில் சேர்கிற பிள்ளைகள் பாதியில் நின்றுவிடாமல் இருப்பதற்கானது அது. முழுநேரமாகப் படிக்க வேண்டும். பாக்கி ஃபீஸைத் திட்டமே கட்டும், புத்தகச் செலவுக்கும் உதவும். தொடக்க ஆண்டுகளில் ஆலோசகர் ஒருவரின் பொறுப்பில் 60 முதல் 80 மாணவர்கள்தான் இருந்தார்கள். திட்டத்துக்கு வெளியே அது 600-க்கும் மேலே போனது. அந்த ஆலோசகரைப் போய்ப் பார்த்தால் அந்த மாதத்துக்கான ரயில் பாஸ் கையில் கிடைக்கும். எம்டிஆர்சி என்ற ஆய்வு நிறுவனம் மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கிப் பார்த்தது. மூன்றாண்டில் படிப்பை முடித்தவர்கள் திட்டத்தில் இருந்தவர்களில் 40 சதவீதம், இல்லாதவர்களில் 22 சதவீதம். தலைக்குச் செலவு கூடினாலும், ஒரு பட்டத்துக்கு ஆகும் செலவு குறைந்திருந்தது.

முடிப்பதில் அப்படி என்ன இருக்கிறது என்றால், சம்பளத்தைப் பார்க்க வேண்டும். ஒபாமா அரசு 2015-ல் ‘காலேஜ் ஸ்கோர்கார்டு’ என்று ஒரு தகவல் தொகுப்பை வெளியிட்டது. எந்தக் கல்லூரியில் சேர்ந்தவர் பத்தாண்டு கழித்து எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று அதில் பார்க்கலாம். நல்ல காரியம்தான், ஆனால் கல்லூரியின் அந்த ஒற்றை எண்ணில் பாதியில் நின்றவரின் வருமானமும் கலந்திருக்கும். வேலையே இல்லாதவர் கணக்கில் வரமாட்டார். மத்திய உதவி வாங்காதவரும் வரமாட்டார். நியூயார்க் 2019-ல் சட்டம் போட்டு, ஆவணமில்லாத குடியேறிகளின் பிள்ளைகளுக்கும் மாநில உதவி தருகிறது. மத்திய உதவி கிடைக்காத அந்தப் பிள்ளைகள் அந்த எண்ணில் இல்லை.

இதைவிட நம்பகமான கணக்கு 2017-ல் வந்தது. தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் சகாக்களும் வரித் தரவுகளைக் கொண்டு 3 கோடி மாணவர்களைப் பின்தொடர்ந்தார்கள். பெற்றோர் வருமானத்தில் கடைசி ஐந்தில் ஒரு பங்கில் இருந்து, பிள்ளை முப்பதுகளில் முதல் ஐந்தில் ஒரு பங்குக்கு ஏறியிருக்கிறதா? நூறு மாணவரில் எத்தனை பேர் அப்படி? லாஸ் ஏஞ்சலஸ் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிட்டத்தட்ட பத்துப் பேர். கியூனியில் ஏழுக்குச் சற்று மேல். ஐவி லீக் என்ற பிரபலப் பல்கலைக்கழகக் குழுவின் ஐந்து பல்கலைக்கழகங்கள் உட்பட 38 கல்லூரிகளில், கீழ்த்தட்டு 60 சதவீதக் குடும்பங்களின் பிள்ளைகள் மொத்தத்தையும்விட உச்சி 1 சதவீதத்தின் பிள்ளைகள் அதிகம். அங்கே சேர்ந்துவிட்ட ஏழை நன்றாகவே சம்பாதிக்கிறார். சேர்கிறவர்தான் இல்லை.

அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது. 2000-க்கும் 2011-க்கும் இடையில் பெரிய தனியார் பல்கலைக்கழகங்களில் ஏழைப் பிள்ளைகளின் பங்கு அதிகம் மாறவில்லை. அவர்களை அதிகம் மேலேற்றிய கல்லூரிகளில்தான் அது கடகடவென்று சரிந்தது.