சுத்தியின் தோலும் ஒலியின் நிறமும்

பியானோவின் கட்டையை விரல் அழுத்தியதும் உள்ளே ஒரு சிறு சுத்தி எழுந்து கம்பியை அடித்து விலகுகிறது. அது கம்பியைத் தொட்டிருக்கும் காலம் தாழ்ந்த சுரங்களில் ஏறத்தாழ நான்கு மில்லிநொடி. உச்சச் சுரங்களில் ஒரு மில்லிநொடிக்கும் குறைவு. ஷூபர்ட், ஷோப்பன், ஷூமான், பிராம்ஸ் ஆகிய புனைவியற் கால மேதைகள் இயற்றிய பியானோ இசையின் ஒலிநிறம் பெரும்பாலும் அந்தக் கணத்திலேயே முடிவாகிவிடுகிறது. பிறகு மிதியை அழுத்தி ஒலியை நீட்டலாம். விரலை எடுத்து அடக்கலாம். பிறந்த நிறத்தைப் புதிதாக்க இயலாது.

ஆகவே, கம்பியைத் தொடும் சுத்தியின் முகம் எதனால் ஆனது என்பதே முதல் வினா. 1700-ஆம் ஆண்டையொட்டிப் புளோரன்ஸ் நகரில் பியானோவைப் படைத்த பார்த்தலோமியோ கிறிஸ்தோபோரி, தன் சுத்திகளின் தலையில் தோலை ஒட்டினார். வியன்னாவின் கைவினைஞர்கள் மான் தோலை அடுக்கடுக்காகப் போர்த்தினர். கம்பளி மயிரை அழுத்திச் செய்த ஃபெல்ட்டைப் பாரிஸில் ஆன்றி பாப் 1826-இல்தான் கொண்டுவந்தார். இரண்டே ஆண்டில் ஷூபர்ட் மறைந்தார்; ஆக, அவர் இயற்றியது தோல்முகச் சுத்திகளுக்கே. வியன்னாவின் கொன்ராட் கிராஃப் செய்த தோல்முகப் பியானோ ஒன்று, 1840-இல் கிளாராவும் இராபர்ட் ஷூமானும் மணந்தபோது அவர்கள் இல்லம் சேர்ந்தது. பின்னாளில் அது பிராம்ஸின் கைக்கும் போயிற்று. ஷூமான் தம் புகழ்பெற்ற பியானோ ஐங்கருவிப் படைப்பை இயற்றியது 1842-இல். 

தோலை அறிய வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு வட்டாரத்தார் தொலைவு போக வேண்டியதில்லை. மேற்கே ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு. வடகிழக்கே மேல்விசாரம், இராணிப்பேட்டை. இங்கே பதனாகும் தோல் காலணிக்கே பெரிதும் போகிறது, இசைக்கன்று. எனினும் பொருளின் இயல்பு ஒன்றே. தோலின் உடல் கொலாஜன் என்னும் புரத இழைகளால் ஆனது. மூன்று புரதச் சங்கிலிகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு நிற்கும் அதன் கட்டமைப்பை 1954-இல் முன்வைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கோ. நா. இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். ஆவாரம்பட்டையின் துவர்ப்புப் பொருளும் கடுக்காயும் அந்த இழைகளுக்கிடையே புகுந்து பிணைப்பை உண்டாக்குகின்றன. குரோமியம் அதனினும் வலிய பிணைப்பைத் தருகிறது. பச்சைத்தோல் 65 பாகை செல்சியஸ் அளவிலேயே சுருங்கிவிடும். குரோமில் பதனிட்ட தோலோ கொதிநீரையும் தாங்கும். இந்த வலிமைக்கு, பதனிடு கழிவால் மாசுபட்ட பாலாற்று நிலத்தடி நீர் கொடுத்த விலை 1996-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் பதிவாகியுள்ளது; தோலைப் புகழும் கட்டுரை அதை மறைத்தல் தகாது.

பதனிட்ட மென்தோலை விரலால் மெல்ல அழுத்தினால் இசைந்து கொடுக்கும். மேலும் அழுத்தினால் இழைகள் நெருங்கி விரைந்து இறுகும். இருமடங்கு அமுக்கத்துக்கு எதிர்விசை இருமடங்கோடு நில்லாது, பன்மடங்காகும். ஃபெல்ட்டுக்கும் இதுவே இயல்பு. மெல்ல வாசித்தால் சுத்தி மென்மையாய்க் கம்பியில் தங்கி, நுண்ணிய மேற்சுரங்களை எழவிடாமல் அடக்குகிறது. வலிந்து வாசித்தால் அதே சுத்தி கடினமாகி விரைந்து விலக, மேற்சுரங்கள் திரண்டெழுகின்றன. பியானோவில் உரத்த ஒலி, மெல்லிய ஒலியின் பெருக்கம் மட்டுமன்று, நிறத்திலும் வேறானது. ஷோப்பனின் இரவுப்பாடல்கள் இந்த வேறுபாட்டைக் கொண்டே பேசுகின்றன.

இச்சுத்தியின் மோதலைக் கணக்கில் அடக்க முயன்றவர்களுள் நம் சந்திரசேகர வெங்கட ராமன் ஒருவர். திருச்சிராப்பள்ளியில் பிறந்து கல்கத்தாவில் ஆய்ந்த அவர், காஃப்மன் என்பவரின் கோட்பாட்டை உடனாய்வாளர் பானர்ஜியுடன் சேர்ந்து ஆராய்ந்து, 1920-இல் இலண்டன் அரசக் கழக வெளியீட்டில் கட்டுரை எழுதினார். ஒளிச்சிதறலால் உலகறிந்த அவரது பெயர், பியானோச் சுத்தியோடும் ஒட்டியிருப்பதை நம் பாடநூல்கள் ஏனோ சொல்வதில்லை. இராமச்சந்திரன் அவருடைய மாணவர். ஆசிரியர் சுத்தி மோதும் விதத்தை ஆய்ந்தார். மாணவரோ அச்சுத்தி போர்த்த தோலின் அணுக்கட்டமைப்பையே கண்டார்.

வயலின் குடும்பமும் ராமனின் ஆய்வுக்குட்பட்டதே. வில்லின் குதிரைமயிர் நரம்பைப் பற்றியிழுக்கிறது; நரம்பு நழுவுகிறது; மீண்டும் பற்றுகிறது. 440 அதிர்வெண் கொண்ட சுரத்தில் இது நொடிக்கு 440 முறை நிகழ்கிறது. வில் வருடிய நரம்பின் அதிர்வு பற்றிய அவரது விரிவான நூல் 1918-இல் வந்தது. அன்றைய அறையிசைக் குழுவின் நரம்புகள் ஆட்டுக் குடலால் திரித்தவை. வயலினின் பலகைகளை ஒட்டியது தச்சர்கள் நன்கறிந்த வச்சிரம். குடல்நரம்பும் கொலாஜன், தோலையும் சவ்வையும் காய்ச்சி எடுக்கும் வச்சிரமும் கொலாஜன். ஐங்கருவிப் படைப்பு ஒலித்த அறையில் சுத்தி முதல் பசை வரை ஒரே புரதம் வேலை செய்தது.

பிறகு அரங்குகள் பெருத்தன. வார்ப்பிரும்புச் சட்டம் வந்தது. கம்பிகளின் மொத்த இழுவிசை இன்றைய பெரும் பியானோவில் இருபது டன்னை நெருங்குகிறது. அடிபட்டு அடிபட்டு இறுகும் தோலைவிட, தடித்த ஃபெல்ட் அந்தக் கனத்த கம்பிகளுக்குப் பொருந்தியது. அது இறுகினாலும் ஊசியால் குத்தி இளக்கலாம். அதுவே தனித்தொரு கைத்திறன். ஆயினும் தோல் முற்றும் விலகவில்லை. சுத்தித் தண்டின் அடியில் உள்ள சிறு உருளையின் மேலும், திரும்பும் சுத்தியைப் பற்றி நிறுத்தும் தடுப்பின் மேலும் தோலைப் போர்த்துவது இன்றும் மரபு.

ஷூமானின் ஐங்கருவிப் படைப்பை இருவகைப் பதிவுகளிலும் கேட்டுப் பார்த்தல் நன்று. இரும்புச் சட்டமும் ஃபெல்ட்டும் கொண்ட பியானோவில், முழு வலிமையோடு எழும் இடங்களில் வயலின்கள் போராட வேண்டியிருக்கிறது. அதற்குப் பியானோக் கலைஞரைப் பழிப்பது பொருந்தாது. தோல்முகச் சுத்தியும் குடல்நரம்பும் சேரும் பதிவில், பியானோ எவ்வளவு உரக்க ஒலித்தாலும் அதன் சுரங்கள் விரைந்து தணிகின்றன. அந்த இடைவெளியில் வயோலாவின் நடுக்குரல்கூடத் தெளிவாகக் கேட்கிறது.