சீருடை இல்லாத பொம்மை எங்கே கிடைக்கும்?

மேசைமேல் குட்டிப் பொம்மைப் படைகளை நிறுத்தி, பகடை உருட்டி, பழைய போர்களை ஆடிப் பார்ப்பதுதான் வார்கேமிங். சிப்பாய் பொம்மைகள் சுலபமா கிடைக்கும். சீருடை போடாம துப்பாக்கி மட்டும் பிடிச்ச ஐரோப்பியர் பொம்மை கிடைக்கிறதுதான் கஷ்டம்.

உதாரணத்துக்கு 1857, பீகாரின் ஆரா நகரத்தை எடுத்துக்கலாம். ரயில்வே இன்ஜினியர் விக்கர்ஸ் பாயில் தன் வளாகத்துல இருந்த ஒரு சின்ன மாடிக் கட்டடத்தை முன்கூட்டியே பலப்படுத்தி வச்சிருந்தார். குன்வர் சிங்கின் படை சூழ்ந்தப்போ, உள்ளே இருந்த 68 பேர் ஒரு வாரம் தாக்குப்பிடிச்சாங்க. அதுல 18 பேர் சிவிலியன்கள், பெரும்பாலும் ஐரோப்பியர்.

இவங்களை '1857'னு தேடாதீங்க. உடையையும் ஆயுதத்தையும் வச்சுத் தேடுங்க. வைல்டு வெஸ்ட் பொம்மைகளின் அகலத் தொப்பியும் வெயிஸ்ட்கோட்டும் பொருந்தும். ஆனா இடுப்புல வரிசையா தோட்டா செருகிய பெல்ட் இருந்தா கத்தியால சீவிடணும். அது பிந்தைய காலம். அமெரிக்க உள்நாட்டுப் போர் சிவிலியன்கள் கையில வாய்வழியா மருந்து நிரப்பும் துப்பாக்கி இருந்தா, அப்படியே வைக்கலாம். 1899-1902 போயர் பொம்மைகள் வேண்டாம். கையில இருக்கிற மவுசர் ரைபிளே காட்டிக்கொடுத்துடும்.

28 மில்லிமீட்டர்னு போட்டிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி உயரம் மாறும். முதல்ல ஒண்ணு மட்டும் வாங்கி, பக்கத்துல வச்சுப் பாருங்க.

18 பொம்மை சேர்ந்ததும் நிறுத்திடாதீங்க. அந்தக் கட்டடத்தைக் காத்த மீதி 50 பேர் சீக்கிய போலீஸ்காரங்க. அவங்களை விட்டுட்டா, மேசையில நடக்கிறது ஆரா சண்டையே இல்லை.