காலில் கிடக்கும் முகவரி

மன்னார்ப் பக்கம் மீன் வாடிகளைச் சுற்றி வட்டமிடும் வெள்ளைப் பறவைகளைக் கடற்காகம் என்கிறோம். நிறத்தில் காகத்தோடு ஒட்டுமில்லை, உறவுமில்லை. கழிவு மீனுக்காக அது பிடிக்கிற சண்டையைப் பார்த்து வைத்த பெயர் போலும். சோளகம் எழும்புகிற நாட்களில் இவற்றில் பெரும்பாலானவை காணாமல் போகும். வாடைக் காலத்தில் பார்த்தால் திரும்பவும் அதே மணற்திட்டில் வந்து நிற்கும். இடையில் எங்கே போயின?

இந்தக் கேள்விக்கு வழி காட்டியவர் நம்மைப் போல ஒரு பள்ளிக்கூட வாத்தியார். டென்மார்க்கின் வீபோர் நகரில் கற்பித்த மோர்ட்டென்சன், முதலில் துத்தநாக வளையம் செய்து பார்த்தார், அது பாரமாகிவிட்டது. 1899இல் இலக்கமும் முகவரியும் பொறித்த அலுமினிய வளையங்களை மைனா இனப் பறவைகளின் காலில் மாட்டிப் பறக்க விட்டார். பறவையைக் கண்டெடுத்தவர் கடிதம் எழுதினால் போதும். போன இடம் தெரிந்துவிடும்.

கடற்காகத்துக்கு அலுமினியம் சரிப்படாது. உப்புத் தண்ணீர் அதை அரித்துவிடும் என்பதால் உருக்கு வளையம் போடுகிறார்கள். அதன் சிறிய எழுத்தை வாசிக்கப் பெரும்பாலும் பறவை கையில் அகப்பட வேண்டும். அதனால் மற்றக் காலில் நிற வளையமொன்றும் சேர்ப்பதுண்டு. அதிலுள்ள பெரிய எழுத்துகளைத் தூரத்தில் நின்று தொலைநோக்கியாலேயே வாசிக்கலாம். ஒரே பறவையைப் பல கரைகளில் பல பேர் வாசித்தால் அதன் பயணம் புள்ளி புள்ளியாகத் தெரியவரும். ஆனால் அதுவோ மணிக்கணக்காய் ஒற்றைக் காலில் நிற்கிற சாதி! வளையம் கிடக்கிற காலைத்தான் இறகுக்குள் மடக்கி வைத்திருக்கும். பார்க்கிறவருக்குப் பொறுமை வேண்டும்.

புள்ளிகளுக்கு இடைப்பட்ட வழியை வளையம் சொல்லாது. அதற்கு ஜி.பி.எஸ். கருவி வேண்டும். கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சீன விஞ்ஞானக் கழகத்தோடு சேர்ந்து, மன்னாரில் பிடித்த ஹியூக்ளின் கடற்காகங்களுக்கு அதைப் பொருத்தினார்கள். மேகா, மெனிக்கா என்று பெயரிடப்பட்ட இரண்டும் 2021இல் ரஷ்யாவின் வடகோடியான யமால் தீபகற்பம் வரை போயின. நேர்கோட்டில் அளந்தாலே ஒரு வழிக்கு 6,500 கிலோமீற்றருக்கு மேல். மேகா திரும்பி வந்து இறங்கியதும் மன்னாரில்தான்.

இது வெறும் வேடிக்கைச் செய்தியல்ல. மன்னார்த் தீவின் தென்கரையில் இப்போது காற்றாலைகள் சுழல்கின்றன. இன்னும் நாட்டும் பேச்சும் ஓயவில்லை. மின்சாரம் வேண்டாமென்று யார் சொன்னது? எந்தக் கோபுரத்தை எங்கே நாட்டுவது என்பதுதான் கேள்வி. பறவைகள் இரவு தங்கும் திட்டிலிருந்து இரை தேடும் களப்புக்கு எந்த வழியாக, எந்த உயரத்தில் பறக்கின்றன என்று தெரியாமல் அதற்கு எப்படிப் பதில் சொல்வது? கோபுரத்தை நாட்டிய பிறகு அறிந்து பயனில்லை.

கருவி விலை கூடியது. எல்லாப் பறவைக்கும் போட ஏலாது. ஆகவே வளையத்துக்கு இன்னும் வேலை கிடக்குது. கரையில் வளையமிட்ட பறவையைக் கண்டால் எந்தக் கால், என்ன நிறம், என்ன எழுத்து, எந்த நாள், எந்த இடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். கைபேசியில் ஒரு படமும் எடுங்கள். எட்டும் ஆங்கில ‘பி’யும் தூரத்தில் ஒன்றுபோல் தெரியும். செத்து ஒதுங்கிய பறவையென்றாலும் இலக்கத்தைக் குறித்துக் கொழும்புப் பல்கலைக்கழக விலங்கியல் துறைக்கு எழுதிப்போடலாம்.