பரணில் கிடக்கும் ஈயம்



நம்ம ஊர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015-ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்ததிலிருந்து, 'சுற்றுச்சூழல்' என்ற சொல்லைக் கேட்காத ஆள் பொட்டிபுரத்தில் இல்லை. மலையைப் பற்றிப் பெரியவர்கள் பேசட்டும். நான் எழுத வந்தது நம் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய டி.வி.யைப் பற்றி.

2006 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான டி.வி.க்கள் கொடுக்கப்பட்டன. ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் மலையேறும் எங்க அப்பத்தாவுக்கும் ஒன்று கிடைத்தது. இப்போது அதில் படம் வருவதில்லை. உங்களில் பலர் வீட்டிலும் இதே கதைதானே?

அதற்குள் என்ன இருக்கிறது?

பின்னால் புனல் மாதிரி நீண்டிருக்கே, அதுதான் படக்குழாய். டி.வி. ஓடும்போது உள்ளே உண்டாகும் எக்ஸ் கதிர் வெளியே வராமலிருக்க அந்தக் கண்ணாடியில் ஈயம் கலப்பார்கள். புனல் பகுதியில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு ஈய ஆக்ஸைடு! குழாய் முழுசாக இருக்கும்வரை ஈயம் கண்ணாடிக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும். உடைத்தால்தான் ஆபத்து.

ஏன் உடைக்கிறார்கள்?

குழாயின் கழுத்தில் செம்புக் கம்பி சுற்றியிருக்கும். செம்புக்கு நல்ல விலை. கண்ணாடியை யார் வாங்குவார்? அது ஓடைக்குப் போகும். கண்ணாடித் தூளில் உள்ள ஈயம் மண்ணில் சேரும். உடம்புக்குள் போனால் சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். செம்பு எடுக்க ஒயரை எரித்தாலோ, மேலுறையான பி.வி.சி.யிலிருந்து டயாக்ஸின் என்ற நச்சு கிளம்பும்.

பொறுப்பு யாருக்கு?

2012 மே 1 முதல் இந்தியாவில் மின்னணுக் கழிவு விதிகள் நடைமுறையில் உள்ளன. 2023 ஏப்ரல் 1 முதல் புதிய விதிகள் வந்துள்ளன. பழைய பொருள் முறையாக மறுசுழற்சி ஆக வேண்டிய பொறுப்பு தயாரித்த கம்பெனிக்கு உண்டு. அதைப் பிரிக்கும் வேலையைப் பதிவு பெற்ற நிலையங்கள்தான் செய்ய வேண்டும். ஆனால் எங்க தெருவுக்கு வருவது பழைய இரும்புக்காரர் மட்டும்தான். அவரையும் குறை சொல்ல முடியாது, அது அவர் பிழைப்பு.

நாம் மட்டுமல்ல, உலகமே இப்படித்தான். 2022-ல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது நூற்றுக்கு 22 பங்குதான்.

நாம் செய்யக்கூடியவை:

1. பழைய டி.வி.யை உடைக்காமல், மழையில் போடாமல் வைத்திருப்போம்.
2. ஒயரை எரிப்பவர்களிடம் மரியாதையாக எடுத்துச் சொல்வோம்.
3. எத்தனை வீட்டில் பழைய டி.வி. உள்ளது என்று வகுப்புவாரியாகக் கணக்கெடுப்போம். அந்தப் பட்டியலைத் தலைமை ஆசிரியர் மூலம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்புவோம்.

ஒரு வீட்டு டி.வி.க்காக யாரும் மலையடிவாரம் வரை வண்டி அனுப்ப மாட்டார்கள். ஊரே சேர்ந்து கேட்டால் வண்டி வரும்!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி